பெயருக்குப் பின்னால் இரண்டு வரிப் பட்டம் இருந்தால் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. நான்கு வயதில் கொதிக்கும் எண்ணெய் கொட்டி, கழுத்தும் வலது கையும் வெந்துவிட்டன. உயிர் பிழைத்ததே பெரிது என்று இருந்துவிட்டோம். இப்போது மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கியே நிற்கின்றன. தலையை நிமிர்த்தி மேலே பார்க்க முடியவில்லை. எங்கள் குடும்ப மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டச் சொன்னார். இரண்டு பேருடைய விவரங்களைப் படித்தேன். ஒருவருக்குப் பெயருக்குப் பின்னால் இரண்டு வரிக்குப் பட்டங்கள், ஏழெட்டு சங்கங்களில் உறுப்பினர். மூக்கு, மார்பகம், கொழுப்பு நீக்கம், முடி நடுதல் என்று சிகிச்சைகளின் பட்டியல். இன்னொருவருக்கு நான்கே வரி. பிளாஸ்டிக் சர்ஜரியில் பட்டம், தீக்காயப் பிரிவில் சில ஆண்டுகள் பணி, கை அறுவை சிகிச்சையில் ஒரு வருட ஃபெல்லோஷிப் (பட்டத்துக்குப் பிந்திய சிறப்புப் பயிற்சி), அவ்வளவுதான். அழகுக்காக ஆபரேஷன் செய்கிறவர்களிடம் கைக்காகப் போவது சரியா? மருத்துவம் படிக்காத என்னைப் போன்றவர்கள் ஒரு சர்ஜனின் படிப்பையும் அனுபவத்தையும் எப்படி எடைபோடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் குடும்ப மருத்துவர் சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார். கேட்ட கேள்விக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன்: நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த நான்கு வரிக்காரரைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். அவர் அடக்கமானவராகத் தெரிகிறார் என்பதற்காக அல்ல. தீக்காயப் பிரிவில் வேலை பார்த்த ஆண்டுகளும், கை அறுவை சிகிச்சையில் எடுத்த பயிற்சியும் உங்கள் மகளுக்கு வேண்டிய இரண்டு வேலைகளோடு நேராகப் பொருந்துகின்றன. முதலாமவரைப் பற்றி நீங்கள் எழுதியதில் தீக்காயம் என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும் விவரக் குறிப்பு பாதிதான் சொல்லும். மீதியை எதிரில் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அழகுக்காகச் செய்கிறவர்களிடம் போவதா என்று தயங்குகிறீர்கள். இந்தத் துறை வளர்ந்ததே காயம்பட்டவர்களுக்காகத்தான். முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த வீரர்களுக்கென்று 1917-ல் இங்கிலாந்தின் சிட்கப்பில் ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. ஹரோல்ட் கில்லீஸ் தலைமையில் அங்கே 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 11,000-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன. அதாவது ஓர் ஆளுக்குச் சராசரியாக இரண்டு. ஒரே தடவையில் முடிந்துவிடுகிற வேலை அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை என்பதை உங்கள் மகளுக்காகவும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் விமானம் தீப்பற்றிக் கையும் முகமும் வெந்து வந்த வீரர்களைக் கில்லீஸின் உறவினரான ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் கவனித்தார். விரல்கள் ஒட்டிச் சுருங்கிய கைகளும், மூட முடியாத இமைகளும்தான் அவருடைய அன்றாட வேலை. அந்த நோயாளிகள் 1941-ல் தங்களுக்குள் ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள்; போர் முடிந்தபோது அதில் 649 பேர் இருந்தார்கள். கட்டுப் பிரிப்பதோடு மெக்கிண்டோ நிற்கவில்லை. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களை ஊருக்குள் அனுப்பினார், ஊர்மக்களிடம் முன்கூட்டியே பேசிவைத்தார். தீக்காய சர்ஜன் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்தான். இன்னொருவர் ஜோசப் மர்ரே. வெந்துபோன போர்வீரர்களுக்கு வேறொருவருடைய தோலை ஒட்டினால் சில நாளில் உடல் ஏன் அதைத் தள்ளிவிடுகிறது என்ற கேள்வியில் தொடங்கி, 1954-ல் பாஸ்டனில் இரட்டையர்களுக்கு இடையே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். 1990-ல் நோபல் பரிசு பெற்ற அவர் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். ஆகவே அந்தப் பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம். மூக்கைத் திருத்துவதும் வெந்த கையை விரிப்பதும் ஒரே பயிற்சியிலிருந்து வருகிறவைதான். பயிற்சி முடிந்த பிறகு எந்தப் பக்கம் அதிகம் போனார் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு.

சரி, பட்டங்களுக்கு வருவோம். நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அதனால் பொதுவாகச் சொல்கிறேன். எந்த நாடாக இருந்தாலும் தேட வேண்டியது ஒன்றுதான்: இவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் முழுநேரப் பயிற்சி பெற்று, அதற்கான தேர்வில் தேறி, அந்தச் சிறப்புத் தகுதியோடு மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா? இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்து, பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். மூன்று ஆண்டுகள், அதன் பிறகு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். மூன்று ஆண்டுகள் என்பது வழக்கமான பாதை. பிரிட்டனில் பொது மருத்துவ கவுன்சிலின் சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் பிளாஸ்டிக் சர்ஜரி என்ற துறைக்குக் கீழே பெயர் இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் அமெரிக்கன் போர்டு ஆஃப் பிளாஸ்டிக் சர்ஜரி என்ற அமைப்பின் சான்று. அங்கே 'போர்டு சர்ட்டிஃபைடு' என்று மட்டும் போட்டிருந்தால் எந்த போர்டு என்று கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால் காஸ்மெட்டிக் சர்ஜரி என்ற பெயரில் சான்று தரும் வேறு அமைப்பும் உண்டு, அது அங்கீகரிக்கப்பட்ட 24 போர்டுகளில் சேராது.

'காஸ்மெட்டிக் சர்ஜன்' என்று போட்டுக்கொள்வதற்குப் பல நாடுகளில் தனித் தகுதி எதுவும் தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் 2023-ல் சட்டத்தையே திருத்தி, குறிப்பிட்ட துறைகளில் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே சர்ஜன் என்று தங்களை அழைத்துக்கொள்ளலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அந்த அளவுக்கு அங்கே குழப்பம் இருந்தது. உங்கள் பட்டியலில் இருக்கும் முதலாமவர் முறையாகப் பயின்ற பிளாஸ்டிக் சர்ஜனா, வேறு துறையிலிருந்து அழகு சிகிச்சைக்கு வந்தவரா என்பதைக் கவுன்சில் பதிவேட்டில் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இரண்டாவது வகை என்றால் உங்கள் மகள் விஷயத்தில் அவரை அங்கேயே விட்டுவிடலாம்.

பட்டம் உறுதியானதும் மற்ற வரிகளைப் படியுங்கள். சங்க உறுப்பினர் என்பதற்குப் பெரும்பாலும் தகுதியுள்ளவர் சந்தா கட்டியிருக்கிறார் என்றுதான் பொருள். ஏழு சங்கம் இருந்தாலும் ஒன்று இருந்தாலும் கையில் கத்தி பிடிக்கும் திறமைக்கு அது சாட்சி ஆகாது. விருதுகளையும் நான் பொருட்படுத்துவதில்லை. ஃபெல்லோஷிப் என்பதை மட்டும் தோண்டிக் கேட்க வேண்டும். ஒரு பெரிய பிரிவில் ஓராண்டு இரவு பகலாக ஆபரேஷன் செய்து கற்றதும் ஃபெல்லோஷிப்தான். சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கியதற்கும் சிலர் அதே பெயரைப் போடுகிறார்கள். வெளிநாட்டுப் பயிற்சியிலும் இந்த வித்தியாசம் உண்டு. அப்சர்வர் என்றால் தியேட்டரில் பின்னால் நின்று பார்த்தவர், நோயாளியைத் தொட்டவர் அல்ல. 'எவ்வளவு காலம் அங்கே இருந்தீர்கள், அங்கே நீங்களே ஆபரேஷன் செய்தீர்களா?' என்று கேளுங்கள். உண்மையாகச் செய்தவருக்கு இந்தக் கேள்வி கோபம் தராது. பெரும்பாலும் சந்தோஷமாகவே சொல்வார்கள், அந்த வருடங்கள் சர்ஜன்களான எங்களுக்கெல்லாம் மறக்க முடியாதவை.

மொத்தம் இத்தனை ஆயிரம் அறுவை சிகிச்சைகள் என்ற எண்ணிக்கையும் அப்படித்தான். அதில் பாதி மச்சம் எடுத்ததாக இருக்கலாம். வருடத்துக்கு எத்தனை கழுத்துச் சுருக்கம் விடுவிக்கிறார், எத்தனை வெந்த கைகளைப் பார்க்கிறார் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய எண். ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருந்தால் தலைப்புகளை மட்டும் பாருங்கள். தீக்காயம், தழும்புச் சுருக்கம், கை என்று வந்தால் நல்ல அறிகுறி. கட்டுரையே எழுதாத அருமையான சர்ஜன்களும் நிறைய இருக்கிறார்கள், அதனால் இல்லையென்றால் குறை என்று எண்ண வேண்டாம்.

இனி உங்கள் மகளுக்கு என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். அது தெரிந்தால்தான் எதிரில் இருப்பவர் சொல்வது பொருத்தமா இல்லையா என்று உங்களுக்கே புரியும்.

நான்கு வயதில் வெந்தது 19 வயதில் ஏன் இவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது? எலும்பு வளர்ந்தது, தழும்பு அதற்கு ஈடாக வளரவில்லை. நல்ல தோல் உடம்போடு சேர்ந்து வளரும். தீக்காயத் தழும்பு அப்படி நீளாது. அதனால் ஆறு வயதில் லேசாக மடங்கிய விரல் பன்னிரண்டு வயதில் இன்னும் மடங்கியிருக்கும். நீங்கள் கவனிக்காமல் விட்டதால் மட்டும் வந்ததல்ல, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். இத்தனை வருடம் ஆகிவிட்டதில் ஒரு நன்மையும் இருக்கிறது. தழும்பு முதிர்வதற்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். உங்கள் மகளுக்கு அது எப்போதோ முதிர்ந்துவிட்டது. காத்திருக்க வேண்டியதில்லை. பழைய தழும்பில் ஆறாத புண் ஏதாவது திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மட்டும் முதல் சந்திப்பிலேயே காட்டிவிடுங்கள். அரிதாக அந்த இடத்தில் புற்றுநோய் வரலாம், அதனால் சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிப்பது வழக்கம்.

கழுத்தில் சிக்கல் கத்தி எடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. முழு மயக்கம் கொடுக்க வேண்டுமென்றால் மூச்சுக் குழாய்க்குள் டியூப் போட வேண்டும். அதற்குத் தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறக்க வேண்டும். நிமிர்ந்து மேலே பார்க்க முடியாத உங்கள் மகளுக்கு அந்தச் சாய்வுதான் வராது. மயக்கம் கொடுத்து மூச்சு நின்ற பிறகு டியூப் போக மறுத்தால் ஆபத்து. அதனால் அனுபவமுள்ள மயக்க மருந்து நிபுணர்கள் முதலிலேயே திட்டம் போடுவார்கள். தொண்டையை மட்டும் மரத்துப்போக வைத்து, நோயாளி விழித்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, மெல்லிய கேமரா குழாயின் வழிகாட்டலில் டியூபை உள்ளே கொண்டுபோவது ஒரு வழி. கழுத்துத் தழும்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு முதலில் தழும்பை விடுவித்துவிட்டு, கழுத்து நிமிர்ந்த பிறகு டியூப் போடுவது இன்னொரு வழி. இதைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன்பே எந்த சர்ஜன் பேசுகிறாரோ, அவர் இந்த வேலையைச் செய்து பழகியவர். எனக்கு இது பட்டங்களை எல்லாம் விடப் பெரிய அடையாளம். வாயை எவ்வளவு திறக்கிறாள் என்று பார்ப்பார், தாடையின் கீழே கை வைத்து இழுத்துப் பார்ப்பார், கீழ் உதட்டைத் தழும்பு இழுக்கிறதா என்று கவனிப்பார், பற்களைக்கூடப் பார்ப்பார். சிறு வயதிலிருந்தே கழுத்து இழுத்துக்கொண்டிருந்தால் கீழ்த் தாடையின் வளர்ச்சியும் பல்வரிசையும் மாறிப்போவதுண்டு.

தழும்பை வெட்டி விடுவித்தால் கழுத்து நிமிரும். நிமிர்ந்தவுடன் அங்கே தோல் இல்லாத ஒரு பெரிய பள்ளம் தெரியும். முன்பு சுருங்கிக் கிடந்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்துவிடும். அதை எதைக் கொண்டு மூடுவது என்பதில்தான் சர்ஜனின் யோசனை இருக்கிறது. தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுவது எளிது; ஆனால் அந்த ஒட்டு நாளடைவில் மறுபடி சுருங்கப் பார்க்கும். முழுத் தடிமனில் எடுத்த தோல் அவ்வளவு சுருங்காது, ஆனால் எடுக்கக் கிடைக்கும் அளவு குறைவு. தோள்பட்டைப் பக்கம் வேகாத தோல் இருந்தால், அதன் இரத்த ஓட்டத்தோடே திருப்பிக் கொண்டுவந்து வைக்கலாம். அதை ஃபிளாப் என்கிறோம். இல்லையென்றால் தொடையிலிருந்து இரத்தக் குழாயோடு எடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழே கழுத்து இரத்தக் குழாயில் தைக்கலாம். அந்தக் குழாய்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறுக்களவுதான்; தைக்கிற நூல் தலைமுடியைவிட மெல்லியது. பக்கத்தில் நல்ல தோல் இருந்தால் அதன் அடியில் ஒரு பையை வைத்து, வாரத்துக்கு ஒருமுறை உப்புநீர் ஏற்றி, தோலை வளர்த்து எடுப்பதும் உண்டு. அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். தழும்பு வெறும் கயிறு மாதிரி இருந்து இரு பக்கமும் நல்ல தோல் இருந்தால் எதையும் ஒட்டாமலே, இசட் வடிவில் வெட்டி மாற்றித் தைத்து நீளம் கூட்டிவிடலாம். 60 டிகிரி கோணத்தில் வெட்டினால் கணக்குப்படி 75 சதவீதம் வரை நீளம் கிடைக்கும். உடம்பில் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

இத்தனை வழியையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரே வழியை மட்டும் தெரிந்தவர் எல்லாக் கழுத்துக்கும் அதையே செய்வார். நல்ல சர்ஜன் இரண்டு மூன்றைச் சொல்லி, உங்கள் மகளுக்கு இது ஏன் சரி, மற்றது ஏன் வேண்டாம் என்று விளக்குவார். அந்த விளக்கம் உங்களுக்குப் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் மறுபடி கேளுங்கள்.

கைக்கு வருவோம். மடங்கிய விரலில் தோல் மட்டும் குட்டையாக இல்லை. 15 வருடம் மடங்கியே இருந்தால் மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகியிருக்கும், தசைநார் குட்டையாகியிருக்கும், விரலின் இரு பக்கமும் ஓடும் நரம்பும் இரத்தக் குழாயும்கூட அந்த மடக்கத்துக்கு ஏற்றபடிதான் வளர்ந்திருக்கும். தழும்பை வெட்டி விரலை நீட்டும்போது சில சமயம் விரல் நுனி வெளுத்துப்போகும். குழாய் இழுபட்டு இரத்தம் போகவில்லை என்று பொருள். அப்போது விரலைக் கொஞ்சம் மடக்க வேண்டும். மடக்க மடக்க, ஒரு கட்டத்தில் நுனி மறுபடி சிவக்கும். அங்கேதான் நிறுத்த வேண்டும். முழுக்க நேராக்கிவிடலாம் என்ற ஆசையில் அந்த இடத்தைத் தாண்டினால் விரலையே இழக்க நேரும். மீதி நீளத்தைப் பிறகு ஸ்பிளின்ட் (விரலை நீட்டிய நிலையில் பிடித்து நிறுத்தும் தாங்கி) போட்டு, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க முடியும். ஆகவே 'விரல் முழுசா நேராகிவிடும்' என்று பார்த்த முதல் நிமிடத்திலேயே ஒருவர் சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். எக்ஸ்ரே எடுத்து மூட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக அளந்து, டிகிரியில் குறித்துக்கொண்டு, இவ்வளவு வரும், இவ்வளவு வராது என்று சொல்கிறவரை நம்புங்கள். மூட்டு முழுவதும் கெட்டிருந்தால், விரலைப் பயன்படும் கோணத்தில் நிலையாக நிறுத்திவிடுவதே நல்லது என்றுகூடச் சொல்லலாம். அது தோல்வி அல்ல, அதற்கும் அனுபவம் வேண்டும்.

கைக்கு முழு மயக்கம் தேவைப்படாமலும் போகலாம். தோளுக்கு அருகே நரம்புகளைச் சுற்றி ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைக்கலாம். கழுத்து முதலா, கை முதலா என்று கேளுங்கள். பெரும்பாலும் கழுத்தை முதலில் சரிசெய்வோம், அதன் பிறகு வரும் ஒவ்வொரு மயக்கமும் பாதுகாப்பாகிவிடும். கையை முதலில் செய்யலாம் என்றால் என்ன காரணம் என்று கேளுங்கள், காரணம் இருந்தால் சரி.

அப்புறம், ஆபரேஷனுக்குப் பிந்திய நாட்கள். விவரக் குறிப்புகளில் யாரும் எழுதாத பகுதி இது. ஒட்டிய தோலுக்கு முதல் ஒன்றிரண்டு நாள் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது, அடியில் ஊறும் திரவத்தை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கும். அதன் பிறகே அடியிலிருந்து குழாய்கள் இணையும். தோலுக்கு அடியில் இரத்தம் கட்டினால் அந்த இணைப்பு நடக்காது, ஒட்டு போய்விடும். வழக்கமாக ஐந்தாம் நாள் வாக்கில் கட்டைப் பிரித்துப் பார்ப்போம். ஃபிளாப் வைத்துக் குழாய் தைத்திருந்தால் முதல் இரண்டு மூன்று நாள் இன்னும் கவனம் வேண்டும். செவிலியர் மணிக்கொரு முறை விரலால் அழுத்தி நிறம் திரும்புவதைப் பார்ப்பார். வெளுத்துச் சில்லிட்டு, நிறம் மெதுவாகத் திரும்பினால் உள்ளே போகிற குழாய் அடைத்திருக்கிறது. நீலம் பாய்ந்து, அழுத்தியதும் சட்டென்று நிறம் திரும்பினால் வெளியே வருகிற குழாய் அடைத்திருக்கிறது. எதுவானாலும் சில மணி நேரத்துக்குள் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகவே இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: 'நடு ராத்திரியில் நிறம் மாறினால் யார் வருவார், நீங்களா, வேறொருவரா, எவ்வளவு நேரத்தில்?' இதற்குத் தடுமாறாமல் பதில் வர வேண்டும். மாதத்தில் ஒருநாள் மட்டும் வந்து ஆபரேஷன் செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறவரிடம் மைக்ராஸ்கோப் வேலையை ஒப்படைக்காதீர்கள், அவர் எவ்வளவு பெரிய பெயர் வாங்கியவராக இருந்தாலும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரை கழுத்துக்கு ஸ்பிளின்ட் போட வேண்டியிருக்கும். கைக்கும் இரவு ஸ்பிளின்ட், பகலில் பயிற்சி, தழும்பில் எண்ணெய் தடவி அழுத்தித் தேய்ப்பது, இறுக்கமான கையுறை என்று தொடரும். ஆபரேஷன் நன்றாக நடந்து, ஸ்பிளின்டைக் கழற்றிப் போட்டதால் மறுபடி சுருங்கிப்போன கழுத்துகள் உண்டு. கைக்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் அந்த மருத்துவமனையில் இருக்கிறாரா, ஸ்பிளின்ட் அங்கேயே அளவெடுத்துச் செய்கிறார்களா என்று விசாரியுங்கள். தீக்காயப் பிரிவு உள்ள இடங்களில் பெரும்பாலும் இதெல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கும். இரண்டாமவர் பக்கம் நான் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன், பின் படங்கள் காட்டுவார்கள். உங்கள் மகளைப் போன்ற கழுத்துப் படங்களையே கேளுங்கள். பக்கவாட்டில், தாடையைத் தூக்கி, இரண்டிலும் ஒரே வெளிச்சத்தில் எடுத்திருக்க வேண்டும். 'பின்' படம் எத்தனை மாதத்தில் எடுத்தது என்பதைக் கேட்க மறக்காதீர்கள். மூன்றாம் வாரத்தில் எல்லாமே நன்றாக இருக்கும். ஒரு வருடம் கழித்து எடுத்த படம்தான் பேசும். சுமாராக வந்த ஒரு படத்தையும் சேர்த்துக் காட்டுகிறவரிடம் எனக்கு மரியாதை கூடும். 'தழும்பே தெரியாது' என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தழும்பை நாங்கள் அழிப்பதில்லை. இழுக்கிற தழும்பை இழுக்காத தழும்பாக மாற்றுகிறோம், இடத்தை மாற்றுகிறோம், மெலிதாக்குகிறோம்.

முதலாமவருக்கும் ஒரு வார்த்தை. அழகு சிகிச்சை அதிகம் செய்கிறவர் என்பதால் அவரைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. முறையான பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் அவரும் பயிற்சிக் காலத்தில் தீக்காயப் பிரிவைத் தாண்டித்தான் வந்திருப்பார். தையலின் நேர்த்தி அவர்களிடம் அருமையாக இருக்கும். கழுத்தும் கையும் சரியான பிறகு, முகத்துக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கும் தழும்பைச் சீராக்க அவரைப் போன்றவரே பொருத்தமாக இருக்கலாம். இருவரையும் பார்ப்பதிலும் தவறில்லை. இரண்டாவது கருத்து கேட்டால் நல்ல சர்ஜன் யாரும் முகம் சுளிக்க மாட்டார். நானே பல நோயாளிகளிடம் இன்னொருவரையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதுண்டு. அவசரம் ஏதும் இல்லாத சிகிச்சை இது. அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், நான்கு வயதுக் குழந்தை இருக்கிறாள், 19 வயதுப் பெண்ணின் குரல் இல்லை. அவள் என்ன கேட்கிறாள்? பேனா பிடிக்க வேண்டும், இரு கையாலும் தட்டச்சு செய்ய வேண்டும் என்கிறாளா, கழுத்தை மூடாத உடை போட வேண்டும் என்கிறாளா, அல்லது இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்கிறாளா? அதைப் பொறுத்துக் கை முதலா கழுத்து முதலா என்பதுகூட மாறலாம். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போகிறவளும் அவள்தான். டாக்டரிடம் போகும்போது அவளே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். டாக்டர் உங்களைப் பார்த்து மட்டும் பேசுகிறாரா, அவளைப் பார்த்துப் பேசுகிறாரா என்பதையும் கவனியுங்கள். தனியாகச் சில நிமிடம் பேச வேண்டும் என்று அவள் விரும்பினால் வெளியே வந்துவிடுங்கள்.

போகும்போது பழைய சிகிச்சைக் காகிதங்கள் எது இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக அந்தக் காலத்தில் தோல் ஒட்டியிருந்தால் எங்கிருந்து எடுத்தார்கள் என்ற விவரம். காகிதம் கிடைக்காவிட்டால் தொடையில், வயிற்றில் பழைய தழும்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து வையுங்கள். சிறு வயதுப் படங்களும் இரண்டு மூன்று எடுத்துப்போங்கள்; எந்த வயதில் எவ்வளவு மடங்கியிருந்தது என்று அதிலிருந்து தெரியும். தழும்பு தடித்து வளரும் சுபாவம் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். இருவரையும் பார்த்த பிறகு அவர்கள் சொன்ன திட்டத்தை எனக்கு எழுதுங்கள். எந்த வழியை, என்ன காரணத்துக்காகச் சொன்னார்கள் என்று தெரிந்தால் என்னாலும் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.